ஓர் அகப்பை பழைய மா

வீட்டுக்கு வீடு வாசற்படி என்பார்கள். அந்த வாசற்படியைப் போலவே, வீட்டுக்கு வீடு வாய்திறந்து பேசாத பேச்சொன்றும் இருப்பதுண்டு. எங்கள் வீட்டில் அது கள்ளைப் பற்றிய பேச்சு.

என் தகப்பனார் நல்ல மனிதர், பாடுபட்டு உழைப்பவர். ஆயினும் பொழுது சாய்ந்ததும் அவருடைய கால்கள் வீட்டை நாடுமுன் தவறணையை நாடிவிடும். 1988ஆம் ஆண்டில், எனக்கு ஒன்பது வயதாயிருந்தபோது, ஈரல் நோய் அவரைக் கொண்டுபோயிற்று. அந்தியேட்டிக் கிரியைகள் முடிந்த அன்று மாலை அம்மா என்னையும் அண்ணரையும் அருகே இருத்தி, "இந்தப் படலைக்குள்ளை இனிமேல் கள்ளெண்ட சாமான் வரப்படாது" என்றார். அதன்பின் அதைப்பற்றி அவர் ஒரு வார்த்தை கூறினாரில்லை, நாங்களும் கேட்டோமில்லை.

அடுத்த மாதந்தொட்டு அம்மா அப்பஞ் சுட்டு விற்கத் தொடங்கினார். அப்பமாவைப் புளிக்கவைப்பதற்குக் கள் விடுவதே யாழ்ப்பாணத்துப் பழைய வழக்கம் என்பது வாசகர் அறிந்ததே. கள்ளை விலக்கிய அம்மாவுக்கு அது இயலுமா? அயலிலிருந்த ஆச்சி ஒருவரிடம் ஓர் அகப்பை புளித்த மாவைக் கடனாக வாங்கிவந்தார். அரிசிமாவையும் கப்பிக் கஞ்சியையும் சேர்த்துக் குழைத்து, அதனுடன் அந்தப் பழைய மாவைக் கலந்து இரவு மூடிவைப்பார். விடியற்காலையில் மா பொங்கி நுரைத்திருக்கும். தேங்காய்ப்பாலும் உப்பும் சேர்க்குமுன் அதில் ஓர் அகப்பை எடுத்து, சிறு முட்டியொன்றில் இட்டு, ஈரமணலிற் புதைத்துவைப்பார். அன்றிரவுக் குழையலுக்கு அதுவே வித்து. இவ்வாறு ஒருநாள் மாவிலிருந்து மறுநாள் மா பிறக்க, ஏழாண்டுகள் ஓடின. எங்கள் பள்ளிக்கூடச் செலவும், அண்ணரின் பயணத்துக்காகப் பட்ட கடனும் அந்த முட்டியினாலேயே தீர்ந்தன.

அண்ணர் 1989ஆம் ஆண்டில் நோர்வேக்குச் சென்றார். அக்காலத்தில் நம்மவர் பலர் அந்நாட்டின் மக்கள் உயர்கல்லூரிகளுக்கு மாணவராய்ச் சென்று, பின்னர் அங்கேயே தங்கிவிட்டனர். அண்ணரும் அவ்வாறே தங்கி, மேற்குக் கரையிலுள்ள பேர்கன் நகரத்திற் குடும்பமானார். 2023ஆம் ஆண்டின் கோடையில் அவருடைய அழைப்பின்பேரில் நான் அங்கே போயிருந்தேன்.

போன மறுநாட் காலை, பாலெடுப்பதற்காகக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தேன். கீழ்த்தட்டில் ஒரு கண்ணாடிப் போத்தல். அடியிலே வெண்சந்தனம் போன்றதொரு படிவு. மேலே மங்கிய மஞ்சள் நீர்.

"அண்ணை, உறைமோர் பிரிஞ்சு போச்சு. ஊத்திப்போட்டுப் போத்திலைக் கழுவட்டே?" என்றேன்.

அண்ணர் அடுக்களைக்கு ஓடிவந்தார். "ஐயோ தம்பி, ஊத்திப்போடாதை! அது மதுவமெல்லே. போன மாதம் பியர் காய்ச்சினதின்ரை மண்டி."

மதுவத்தை நான் அறியாதவனல்லன். ஆண்டுதோறும் உயிரியல் வகுப்பிலே கரும்பலகையில் அதனை வரைந்து காட்டுபவன். மொட்டுவிட்டுப் பெருகும் ஒற்றைக்கல உயிர் என்றும், அது வெல்லத்தை அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றும் என்றும் மாணவருக்கு உரைப்பவன். ஆயினும் அந்தக் கணத்தில் என் கண்முன் நின்றது கரும்பலகையன்று. திண்ணையிற் சரிந்துகிடந்த ஐயாவே நின்றார்.

"ஐயாவை மறந்துபோனியளே அண்ணை?" என்று கேட்டுவிட்டேன்.

அண்ணர் சிறிதுநேரம் பேசவில்லை. பிறகு, "மறந்திருந்தால் ஒரு குவளையோடை நிப்பாட்டுவனே தம்பி?" என்றார். அன்று பகல் முழுவதும் நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் அவர் பியர் காய்ச்சும் முறை வந்தது. வீட்டுத் தேவைக்குப் பியர் காய்ச்சுவதை அந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறது, வடிசாராயத்தை அனுமதிப்பதில்லை. நமது நாட்டிலோ அனுமதிப்பத்திரமின்றி எந்த மதுவைத் தயாரித்தலும் குற்றமாகும். இளைஞர்கள் இதனை மனத்திற்கொள்க. கோபம் ஒருபுறமிருக்க, ஆசிரியனுக்குரிய ஆவல் என்னைப் பிடித்துத் தள்ளிற்று. அருகிலிருந்து பார்த்தேன்.

முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, அந்த இனிப்பு நீரை வடித்து, ஹொப்ஸ் என்னும் கசப்புப் பூக்களுடன் கொதிக்கவைத்து ஆற்றினார். அதிலே மதுவத்தை இட்டால் சில நாளில் நுரைத்து அடங்கும். மதுவமும் பெரும்பாலும் அடியிற் படியும். இட்டதிலும் பன்மடங்காக அது பெருகியிருக்குமாதலால், அடுத்த முறைக்கு வேண்டியதற்கு மேலாகவே எஞ்சும். தெளிந்த பியரைக் குழாயால் இறக்கியபின், அந்த மண்டியிலே கொதித்தாறிய நீரை விட்டுக் கலக்கி, கால்மணி அல்லது அரைமணி நேரம் அசையாது வைப்பார். பாரமான பூச்சக்கைகள் முதலில் அடியிலே தங்கும். மேலே பால்போல நிற்கும் கலங்கலிலேயே நல்ல மதுவம் இருக்கும். அதனை, வெந்நீரிற் கொதித்த போத்தலில் ஊற்றி, திகதியெழுதி ஒட்டி, மூடியை இறுக்காது குளிரில் வைப்பார். இறுக்கினால் உள்ளே வாயு சேர்ந்து போத்தல் வெடிக்கவுங்கூடும். இரண்டு மூன்று கிழமைக்குள் அதனை எடுத்தாள்வது நலம். நாட்பட்டதாயின், சிறிதளவு இனிப்பு நீரில் முதலில் இட்டு, அது உயிரோடிருக்கிறதா என்று பார்த்த பின்னரே பயன்படுத்துவார். புளிநாற்றமோ அழுகல்வாடையோ அடித்தால் தயங்காது கொட்டிவிடுவார். முறைக்கு முறை பற்றீரியாக்களும் காட்டு மதுவங்களும் சிறிது சிறிதாகப் புகுந்துவிடுமாதலால், ஐந்தாறு முறைக்குப் பின் புதியது வாங்குவது அவர் வழக்கம்.

பாத்திரங்களை அவர் கழுவிய விதத்தைப் பார்த்திருந்த எனக்கு, முட்டியைத் தேய்த்து வெயிலிற் கவிழ்க்கும் அம்மாவின் கைகளே நினைவில் வந்தன. ஆயினும் நான் அதைச் சொல்லவில்லை.

அந்த வார இறுதியில் அண்ணர் என்னை வொஸ் என்னும் இடத்துக்குப் புகைவண்டியில் அழைத்துச் சென்றார். மலைகளும் ஏரியும் சூழ்ந்த நாடு அது. அங்கே அவருடைய நண்பர் ஒருவர், முதிய கமக்காரர், பரம்பரையாகப் பியர் காய்ச்சும் வீட்டினர். மதுவத்தை அவ்வூரார் 'குவைக்' என்கின்றனர். தீயை மூட்டுதல் என்னும் பொருளுடைய பழஞ்சொல்லோடு தொடர்புடையது அப்பெயர். அயல்வீட்டில் நெருப்பு வாங்கி அடுப்பு மூட்டிய நம் பாட்டிமாருக்கு இதன் பொருள் உடனே விளங்கியிருக்கும்.

அம்முதியவர் சுவரிலிருந்து ஒரு வளையத்தை எடுத்துக் காட்டினார். சிறுசிறு மரத்துண்டுகளைக் கோத்துச் செய்தது. முன்னாளில் இதனை நுரைக்கும் மதுவத்திலே தோய்த்து உலர்த்தித் தொங்கவிடுவார்கள். மரத்தின் இடுக்குகளில் மதுவம் உறங்கிக் கிடக்கும். மாதங்கள் கழித்து இனிப்பு நீரில் இட்டதும் விழித்துக்கொள்ளும். சாதாரண பியர் மதுவங்கள் இருபது பாகை அளவான வெப்பத்தையே விரும்ப, இவ்வூர் மதுவமோ நாற்பது பாகையிலும் சுறுசுறுப்பாய் வேலைசெய்யும். 2018ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, நோர்வேயின் இப்பண்ணை மதுவங்கள் ஏனைய பியர் மதுவங்களினின்றும் வேறான ஒரு தனிக்குலத்தவை என்று மரபணுச் சான்றுகொண்டு காட்டியது.

எண்ணிப் பார்த்தால் வியப்பாயிருக்கிறது. பியரிலுள்ள மதுவத் துணிக்கைகளை லீவன்ஹூக் தம் நுணுக்குக்காட்டியிற் கண்டது 1680இல். அவை உயிருள்ளவை என்பதைத் தம் ஆய்வுகளால் நிலைநாட்டிய லூயி பாஸ்டர், பியரைப் பற்றிய தமது நூலை வெளியிட்டது 1876இல். டென்மார்க்கின் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹன்சன் ஒற்றைக் கலத்திலிருந்து தூய மதுவத்தை வளர்த்தெடுத்தது 1883இல். அதனை அந்நிறுவனம் மறைத்துவைக்காது பிறருக்கும் வழங்கிற்று. ஆனால் இவர்கள் எவரையும் அறியாத கமக்காரர், கண்ணுக்குத் தெரியாத அவ்வுயிரைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தும் உலர்த்தியும் காத்து வந்திருக்கின்றனர்.

"உங்களுடைய மதுவம் இறந்துபோனால் என்ன செய்வீர்கள்?" என்று அண்ணர் மூலமாகக் கேட்டேன்.

முதியவர் சிரித்தார். "அயலவனிடம் போய்க் கேட்பேன். அவனிடம் இருப்பதும் என் வீட்டிலிருந்து என்றோ போனதாய் இருக்கலாம்" என்றார்.

திரும்பிவரும் வழியில், புகைவண்டியிலே, இருபத்தேழு ஆண்டுகளாக நான் எவருக்கும் கூறாத ஒன்றை அண்ணருக்குக் கூறினேன்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி. வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுவாசலைவிட்டுப் புறப்பட்ட இரவு. அம்மாவும் நானும் இரண்டு பைகளோடு மழையில் நடந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்தோம். முட்டி மணலிலேயே இருந்துவிட்டது. அடுத்த ஆண்டு நாங்கள் திரும்பி வந்தபோது முட்டி வெடித்துக் கிடந்தது. உள்ளே கறையான் மண். பழைய மா தந்த ஆச்சி இடம்பெயர்ந்த இடத்திலேயே காலமாகிவிட்டார். அயலிலே அடுப்பெரிந்த வீடுகளே சில; புளித்த மா எவரிடமும் இல்லை. கையிலோ காசுமில்லை.

அம்மா ஒருநாள் முழுவதும் யோசித்திருந்தார். மாலையில் என்னைக் கூப்பிட்டுப் போத்தலொன்றைக் கையில் தந்தார். "சீவல் தொழில் செய்யிற பெரியவரிட்டைப் போய் ஒரு சுண்டுக் கள்ளு வாங்கிக்கொண்டு வா மோனை."

"அம்மா, கள்ளோ?"

"ஓம். கொப்பரைக் கொண்டுபோனதும் அதுதான். நாளைக்கு உனக்குச் சோறு போடப்போறதும் அதுதான். போட்டு வா."

அப்பத்துக்கு என்று அறிந்ததும் அந்தப் பெரியவர் காசு வாங்க மறுத்தார். "அடிமண்டியாய்ப் பாத்துத் தாறன், தம்பி. அதிலைதான் புளிப்பு இருக்கு" என்று அடியைக் கலக்கி ஊற்றினார். படலையருகே வந்ததும் என் கால்கள் நின்றுவிட்டன. அம்மாவே வெளியே வந்து, என் கையிலிருந்த போத்தலை வாங்கி உள்ளே கொண்டுபோனார். மறுநாட் காலை மா பொங்கியிருந்தது. அதில் ஓர் அகப்பை எடுத்துப் புது முட்டியில் இட்டார். அந்த ஒரு நாளைக்குப் பின் எங்கள் வீட்டுக்குக் கள் வரவில்லை. வரவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அண்ணர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். வெகுநேரம் கழித்து, "பத்து வருசமாய் இதை அம்மாவுக்கு மறைச்சுப்போட்டன் தம்பி. போனால் நீயே சொல்லு. மறைக்காமல் சொல்லு" என்றார்.

ஊர் திரும்பியதும் அம்மா கேட்ட முதற் கேள்வியே அதுதான். "அவன் அங்கை குடிக்கிறானோ?"

"ஒரு குவளை, அம்மா. தானே காய்ச்சுறார்" என்றேன். பிறகு போத்தலைப் பற்றியும், மண்டியைப் பற்றியும், மரவளையத்தைப் பற்றியும் ஒன்றுவிடாது கூறினேன். அம்மா வெற்றிலையை மடித்தபடி தலைகுனிந்திருந்தார். கோபமோ துக்கமோ என்று எனக்குத் தெரியவில்லை.

"அந்த மண்டியை எத்தினை நாள் வைச்சிருக்கிறான்?" என்று கேட்டார் கடைசியில்.

"மூண்டு கிழமை மட்டிலை."

"அது கனநாள்" என்றார் அம்மா. "இடையிலை ஒருக்கால் புது மா காட்டவேணும். இல்லாட்டில் களைச்சுப்போம். அவனுக்குச் சொல்லு." சற்றுப் பொறுத்து, "இல்லை, நானே சொல்லுறன். போனை எடு" என்றார்.

அன்றிரவு அவர்கள் இருவரும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஐயாவின் பெயரும் அந்தப் பேச்சில் அடிபட்டது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் எங்கள் வீட்டில் அது முதல் தடவை.

குடியை நான் போற்றுவதாக எவரும் கொள்ளவேண்டா. அது எங்கள் வீட்டிற் செய்த அழிவை நான் மறந்தவனல்லன். ஆனால் ஒரு பொருளை வெறுத்தல் எளிது. அதிலே கேடு எது, வாழ்வு எது என்று பிரித்தறிதல் அரிது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் தாயார் 1996இல் ஒரு மாலைப்பொழுதிற் செய்த அந்தப் பிரிப்பைப் பட்டதாரியாகிய நான் விளங்கிக்கொள்ள, கடல்கடந்து போய் ஒரு போத்தல் மண்டியைப் பார்க்கவேண்டியிருந்தது.

அம்மா இப்போது அப்பம் விற்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு மட்டும் சுடுவார். முட்டி ஈரமணலில் இருக்கிறது. சென்ற மாதம் அடுத்த தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த பெண்ணொருத்தி ஓர் அகப்பை பழைய மா கேட்டு வந்தாள். அம்மா இரண்டு அகப்பை கொடுத்தனுப்பினார்.