கைகளுக்கும் ஓய்வு நேரம் உண்டு

வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்ட பிறகு நம் தோட்டத்து வீடுகளில் நடப்பது என்ன? வாசலில் உட்கார்ந்து பேசுகிறோம். அடுத்த வீட்டுக் கல்யாணம், பந்து விளையாட்டு, சம்பளம், சினிமா என்று பேச்சு வளர்கிறது. ஓய்வு என்று நாம் சொல்வதில் முக்கால் பங்கு பேச்சுதான். அந்தப் பேச்சு காதில் விழாதவர்கள் பொழுதை எப்படிக் கழிப்பார்கள் என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

நான் பணிபுரியும் தோட்டத்தில் காது கேளாத இளைஞர் ஒருவர் இருக்கிறார். உழைப்பில் யாருக்கும் இளைத்தவரல்லர். ஆனால் மாலையானால் ஓரமாக உட்கார்ந்திருப்பார். வீட்டார் சிரித்தால் தாமும் சிரிப்பார். எதற்குச் சிரித்தோம் என்று யாரும் அவருக்குச் சொல்வதில்லை. "அவனுக்குச் சொன்னாலும் புரியாதுங்க" என்பார் தாயார். பாசம் இல்லாமல் சொல்வதன்று; வழி தெரியாமல் சொல்வது.

வழி உண்டு என்பதைப் பினாங்கில் கண்டேன். ஒரு பள்ளி விடுமுறையில் ஜார்ஜ் டவுன், டத்தோ கிராமாட்டில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு மாலை பாடாங் பிரவுன் ஒட்டுக்கடைகளுக்குச் சாப்பிடப் போனோம். பக்கத்து மேசையில் தமிழர், சீனர், மலாய்க்காரர் என்று ஏழெட்டுப் பேர். எல்லோரும் காது கேளாதவர்கள். பேச்சுச் சத்தமே இல்லை. ஆனால் அவ்வளவு கலகலப்பான மேசை அங்கே வேறொன்று இல்லை!

ஒருவர் முகமும் கையும் மற்றவருக்குத் தெரியவேண்டும் என்பதற்காக, வெளிச்சமான இடமாகப் பார்த்து வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். கரண்டியைப் பிடித்தால் கை பேசாது. ஆகவே தட்டில் இருந்த மீ ஆறிக்கொண்டிருந்தது. தொலைவில் வந்த நண்பரை நாமென்றால் கத்திக் கூப்பிடுவோம். அவர்களோ கூட்டத்துக்கு மேலே கையை உயர்த்தி, இங்கிருந்தபடியே நாலு வார்த்தை பேசி முடித்துவிட்டார்கள்.

அவர்களில் ஒரு தமிழ்த் தம்பி கைபேசியில் மலாயில் எழுதி என்னோடு உரையாடினார். வாரம் ஒருமுறை இப்படிக் கூடுவார்களாம். மற்ற நாட்களில் பூப்பந்து. இரவில் முகம் பார்த்துப் பேசும் வீடியோ அழைப்பு. தமிழ்ப் படமும் பார்ப்பாராம், கீழே ஓடும் மலாய் எழுத்தைப் படித்துக்கொண்டே! "பாட்டு வந்தால் எழுத்து நின்றுவிடுகிறது" என்று எழுதிவிட்டுச் சிரித்தார். 1931ஆம் ஆண்டில் 'காளிதாஸ்' வெளிவந்து தமிழ்ப்படம் பேசத் தொடங்கும்வரை, காது கேட்பவரும் கேளாதவரும் திரைப்படத்தைச் சமமாகவே ரசித்தார்கள். படம் பேசத் தொடங்கியபோது சிலருக்கு அது ஊமையாகிவிட்டது.

அவர்கள் கைகளால் பேசும் மொழியின் வரலாறும் கேட்கத் தக்கது. பினாங்கில் 1954ஆம் ஆண்டு காது கேளாத பிள்ளைகளுக்கான கூட்டரசுப் பள்ளி தொடங்கப்பட்டது. பல ஊர்ப் பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படித்தார்கள். அந்நாளில் வகுப்பறையில் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும், வாயால் பேசவுமே பழக்கினார்கள். ஆனால் வகுப்புக்கு வெளியே பிள்ளைகள் தங்களுக்குள் கைகளால் பேசிக்கொண்டார்கள். பினாங்கு சைகை மொழி அப்படித்தான் பிறந்தது. ஆசிரியர் கற்றுக் கொடுத்ததன்று. ஓய்வு நேரம் பெற்றெடுத்த மொழி அது! பிற்பாடு நாடு முழுவதற்கும் மலேசிய சைகை மொழி வளர்ந்தது. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் அதனைக் காது கேளாதோரின் அதிகாரபூர்வ மொழியாக ஏற்றது.

விளையாட்டிலும் அவர்கள் பின்தங்கியவர்களல்லர். காது கேளாதோருக்கான உலக விளையாட்டுப் போட்டி 1924ஆம் ஆண்டே பாரிஸ் நகரில் தொடங்கிவிட்டது. அவர்களுடைய கால்பந்தாட்டத்தில் நடுவர் விசிலை நம்புவதில்லை. கொடியை அசைத்துக் காட்டுகிறார். 2022ஆம் ஆண்டு பிரேசிலில் நடந்த போட்டியில், நம் மதுரைப் பெண் ஜெர்லின் அனிகா பூப்பந்தில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார். மாலை நேரத்தில் கையில் ஒரு மட்டையைக் கொடுத்தால் ஒரு பிள்ளை எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

ஆகவே, பெற்றோர்களே, உங்கள் வீட்டில் காது கேளாத பிள்ளை இருந்தால் சோறும் துணியும் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். அந்தப் பிள்ளைக்குப் பேச்சுத் துணை வேண்டும். சிறு வயதிலேயே அதற்குரிய பள்ளியில் சேருங்கள். பள்ளியில் கற்கும் சைகைகளைப் பிள்ளையிடமிருந்தே நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒன்று கற்றாலும் வருடத்தில் முந்நூற்றுக்கு மேல் ஆகிவிடும். வளர்ந்த பிள்ளை பட்டணத்துக்குப் போய்த் தன்னைப் போன்றவர்களோடு கூட விரும்பினால், "ஊர் சுற்றுகிறான்" என்று தடுக்காதீர்கள். பஸ் காசு கொடுத்து அனுப்புங்கள்.

இன்றிரவு வாசலில் உட்காரும்போது விளக்கைக் கொஞ்சம் பக்கத்தில் வையுங்கள். அந்தப் பிள்ளைக்கு உங்கள் முகம் தெரியட்டும்.