வாக்குச்சீட்டில் இல்லாத 538 பேர்

அமெரிக்க அதிபரை முறைப்படித் தேர்ந்தெடுப்பவர்கள் 538 தேர்வாளர்கள். நவம்பரில் மக்கள் போடும் ஓட்டு சட்டப்படி இவர்களுக்கே விழுகிறது. இவர்களை நியமிக்கும் முறையை அரசியலமைப்பு அந்தந்த மாநிலச் சட்டமன்றத்திடம் விட்டுவிட்டது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்களும் மத்திய அரசுப் பதவியில் இருப்போரும் தேர்வாளராகக் கூடாது என்பதுதான் அது போட்ட முக்கியத் தடை.

எனவே மாநிலத்துக்கு ஒரு வழக்கம். பல மாநிலங்களில் கட்சியின் மாநில மாநாடு தேர்வாளர் பட்டியலை முடிவுசெய்கிறது. சிலவற்றில் கட்சியின் மாநிலக் குழு. பென்சில்வேனியாவில் அதிபர் வேட்பாளரே தமக்கான ஆட்களைப் பொறுக்கியெடுக்கிறார். ஃபுளோரிடாவில் முன்மொழிபவர் ஆளுநர். ஆனால் ஒவ்வொரு கட்சிக் குழுவும் கொடுத்த பெயர்களை மாற்ற அவருக்கு உரிமை இல்லை. கலிஃபோர்னியாவின் ஜனநாயகக் கட்சியில் ஒவ்வொரு கீழவை வேட்பாளரும் ஒருவரைக் குறிப்பிடலாம். பிறப்பால் குடிமகனாக இல்லாதவர் அதிபராக முடியாது. தேர்வாளராக அந்தத் தடை இல்லை. குடியுரிமை பெற்ற தமிழரும் பட்டியலில் ஏறலாம்.

ஏறுவதற்கு வேண்டிய தகுதி விசுவாசம். கட்சிக்கு உழைத்தவர்கள், உள்ளூர்ப் பிரமுகர்கள், சில நேரம் பெரிய பெயர்கள்: 2020இல் நியூயார்க் தேர்வாளர்களில் பில் கிளின்டனும் ஹிலரியும் இருந்தனர். கொடுமை என்னவென்றால், பெரும்பாலான மாநிலங்களின் வாக்குச்சீட்டில் இவர்கள் பெயரே கிடையாது. யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்று தெரியாமலே மக்கள் வீடு திரும்புகிறார்கள். உள்ளாட்சிப் பதவிக்குக்கூடப் பெயர் அச்சிட்டு ஓட்டுக் கேட்கும் நாடு இது.

இந்தியக் குடியரசுத் தலைவரையும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை; ஆனால் தேர்ந்தெடுப்பவர்கள் மக்கள் பெயரறிந்து அனுப்பிய மக்களவை எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும், அந்த எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுத்த மாநிலங்களவை எம்.பி.க்களும். வாக்கு ரகசியம்; கொறடா உத்தரவு செல்லாது. 1969இல் மனசாட்சிப்படி வாக்களியுங்கள் என்றார் பிரதமர் இந்திரா காந்தி. காங்கிரஸ் கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி தோற்று, வி.வி.கிரி வென்றார். குதிரை பேரம், ரிசார்ட் அரசியல் என்று நம்மூர் அரசியலைப் பழிப்போர் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

அமெரிக்காவிலோ, 2016இல் வாஷிங்டன் மாநிலத்தில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஹிலரிக்கு வாக்களிக்க வேண்டிய தேர்வாளர்களில் நால்வர் வேறு பெயர்களை எழுதினர். ஆளுக்கு 1,000 டாலர் அபராதம். மூவர் வழக்காடினர். அபராதம் செல்லும் என 2020இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, 2019இல், மாநிலம் சட்டத்தை இறுக்கிவிட்டது: கட்சி வேட்பாளருக்கே வாக்களிப்பதாகத் தந்த உறுதிமொழியை மீறுபவரின் பதவி காலியாகும், மாற்று ஆள் வாக்களிப்பார். மனசாட்சிப்படி வாக்களிக்கும் உரிமை என்ற இந்த ஒரு விஷயத்தில் இந்திய ஏற்பாடே மேல்.