பினாங்கில் உப்புநீர் மீன் தேடி ஒரு நாள்

பினாங்குத் தீவுக்குப் போய்வரும் நம் தோட்டத்து மக்களுக்கு வழக்கமான இடங்கள் சில உண்டு. தைப்பூசம் என்றால் தண்ணீர்மலை. கல்யாணச் சேலை என்றால் லிட்டில் இந்தியா. பள்ளி விடுமுறை என்றால் கொடிமலை ரயில், பத்து ஃபெரிங்கி கடற்கரை. மீன் கடைக்கென்றே ஒரு பயணம் போனவர்கள் மிகக் குறைவாகத்தான் இருப்பார்கள். அதுவும் குழம்புக்கு வாங்கும் மீன் அல்ல, கண்ணாடித் தொட்டியில் நீந்தவிடும் கடல் மீன். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை அந்த வேலையாகத்தான் நான் போய்வந்தேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளி தெற்குக் கெடாவில், செம்பனைக்கு நடுவே இருக்கிற சின்னப் பள்ளி. மாணவர்கள் 34 பேர். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் முன்னாள் மாணவர் ஒருவர் மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டியொன்றைப் பள்ளிக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். பிள்ளைகள் காலி டின்களும் பழைய தாள்களும் பொறுக்கி விற்று 212 வெள்ளி சேர்த்தார்கள். குப்பி மீனும் தங்க மீனும் அவர்கள் பார்த்து அலுத்தவை. "கடல் மீன் வேண்டும் டீச்சர்" என்று ஒரே பிடிவாதம். அவர்களில் பாதிப் பேர் கடலையே பார்த்ததில்லை.

தலைமையாசிரியர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "தொட்டி வைப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான் டீச்சர். ஆனால் திங்கட்கிழமை காலையில் பிள்ளைகள் வந்து செத்த மீனைப் பார்க்கக் கூடாது. அடுத்த ஆண்டுக்குப் பதியவரும் பெற்றோரும் பார்க்கக் கூடாது." சின்னப் பள்ளிகளில் ஒவ்வொரு பிள்ளையும் கணக்கு என்பது வாசகர்கள் அறியாததல்ல.

மீன் வாங்குமுன் ஆறு வாரம் தொட்டியில் வெறும் உப்புத் தண்ணீர்தான் ஓடியது. கொஞ்சம் மணல், கொஞ்சம் கல், சுற்றிவிட ஒரு பம்பு. "தண்ணீரையா பார்க்கச் சொல்கிறீர்கள்?" என்று மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன் கேட்டே விட்டான். தயிருக்கு உறை ஊற்றினால் பொழுது விடியும்வரை காத்திருக்க வேண்டாமா? இதுவும் அப்படித்தான். மீனின் கழிவிலிருந்து அமோனியா என்னும் நஞ்சு உண்டாகும். அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் மணலிலும் கல்லிலும் குடியேற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அவை இல்லாத தொட்டியில் எவ்வளவு நல்ல மீனைக் கொண்டுவந்து விட்டாலும் பயன் இல்லை. தண்ணீர்கூடக் குழாயிலிருந்து நேராகப் பிடித்ததல்ல. டவுனில் சில்லறை போட்டால் வடிகட்டிய தண்ணீர் ஊற்றும் இயந்திரம் இருக்கிறதே, அங்கே தோம்பு தோம்பாகப் பிடித்து வந்து உப்புக் கலந்தோம்.

சுங்கை பட்டாணியில் கொமியூட்டர் ரயில் ஏறி பட்டர்வொர்த்தில் இறங்கினேன். தம்பிமார்கள் எல்லாரும் பாலத்தில் பறக்கிறார்கள். 1985இல் பாலம் திறந்ததிலிருந்தே அப்படித்தான். எனக்கு ஃபெரியில் போனால்தான் பினாங்குக்குப் போன மாதிரி இருக்கும். காடிகளையும் ஏற்றிக்கொண்டு போன அந்தப் பழைய பெரிய ஃபெரிகள் 2020 இறுதியோடு ஓய்ந்துவிட்டன. 2023இல் வந்த புதியவற்றில் ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் மட்டுமே. காற்று வரும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். கீழே பழுப்பு நிறத் தண்ணீர். நான் தேடிப்போகும் வண்ண மீன்கள் இந்தச் சேற்றுக் கடலில் இல்லை. பவளப் பாறையும் தெளிந்த நீரும் உள்ள இடங்களில்தான் அவை வாழ்கின்றன.

ஜியார்ஜ் டவுனில் முதலில் நுழைந்த கடை பார்வைக்கு அரண்மனை. நீல விளக்கு, கூரை உயரத்துக்குத் தொட்டிகள். குத்தூசி வைத்தாற்போல் சுறுசுறுப்பான மீன்களும் இருந்தன. ஆனால் மூன்றாவது வரிசையில் ஒரு மீன் மூலையில் சாய்ந்து கிடந்தது. அதற்குக் கீழ்த் தொட்டியில் செத்துப்போன ஒன்றை நண்டு தின்றுகொண்டிருந்தது. கடைக்காரர் கவனித்ததாகவே தெரியவில்லை. இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட கடைகளில் பெரும்பாலும் எல்லாத் தொட்டிகளுக்கும் ஒரே தண்ணீர்தான் குழாய் வழியாகச் சுற்றிவரும். ஒரு வீட்டில் அம்மை என்றால் லயம் முழுக்கப் பயப்பட வேண்டியதுதான். மேல் தொட்டி மீன் அழகாக இருக்கிறதே என்று வாங்கினால் கீழ்த் தொட்டி நோயையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

இரண்டாவது கடை ஜெலுத்தோங் பக்கம். பழைய கடைவீட்டின் கீழ்த்தளம். விளக்கு மங்கல், தரை ஈரம். ஆனால் உப்புக் காற்று வாசனையைத் தவிர வேறு நாற்றம் இல்லை. சீனத் தவுக்கே கல்லாவில் இருந்தார். தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது நம் தமிழ்ப் பையன். பாரிட் புந்தார் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவராம்.

"எந்த மீன் நேற்று வந்தது, எந்த மீன் போன வாரம் வந்தது தம்பி?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "எல்லாரும் விலையைத்தான் முதலில் கேட்பாங்க டீச்சர். இந்த இரண்டு வரிசையும் வியாழக்கிழமை வந்தது. இதில் எதையும் இன்றைக்கு எடுக்காதீங்க. அந்தப் பக்கம் இருக்கிறது பதினாறு நாளாச்சு."

அந்த ஒரு பதிலுக்காகவே அந்தக் கடையில் வாங்கலாம் என்று தோன்றியது. பிடித்த இடத்திலிருந்து மொத்த வியாபாரி, அங்கிருந்து விமானம், அங்கிருந்து இறக்குமதிக்காரர், பிறகு கடை என்று ஒரு கடல் மீன் பல கைகள் மாறி, பல நாள் பட்டினியோடு வருகிறது. வந்த முதல் வாரத்தில்தான் சாவு அதிகம். அந்தச் சாவு கடையில் நடக்கட்டும், நம் தொட்டியில் வேண்டாம். பிடித்துப்போன மீன் புதிதாக வந்ததாக இருந்தால் முன்பணம் கொடுத்துவிட்டு இரண்டு வாரம் கழித்துப் போய் எடுப்பதே நல்லது.

சந்தையில் மீன் வாங்கும் நம் தாய்மார்களுக்குக் கண்ணும் செவுளும் பார்க்கச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இங்கேயும் அதே பார்வைதான், ஆனால் உயிரோடு பார்க்க வேண்டும். கண் தெளிவாக இருக்கிறதா, மங்கல் படலம் உண்டா? துடுப்பு விரிந்திருக்கிறதா, ஓரம் கிழிந்து வெளுத்திருக்கிறதா? வயிறு ஒட்டியிருக்கிறதா? தலைக்குப் பின்னால் முதுகுச் சதை குழிவிழுந்து கத்தி முனைபோல் இருந்தால் அந்த மீன் பல நாள் பட்டினி. பிறகு மூச்சு. ஒரே தொட்டியில் மற்ற மீன்கள் அமைதியாகச் செவுளை அசைக்க, ஒன்று மட்டும் ஓடி வந்தது போல் இரைத்தால் அதை விட்டுவிடுங்கள்.

உடம்பில் உப்புக்கல் தெளித்தது போல் வெள்ளைப் புள்ளி இருந்தால் அது ஓர் ஒட்டுண்ணி. இதில் பலர் ஏமாறுகிறார்கள். நாலைந்து நாளில் புள்ளி உதிர்ந்துவிடும், கடைக்காரர் "குணமாகிவிட்டது" என்பார். அந்த ஒட்டுண்ணி சாகவில்லை. மீனிலிருந்து கழன்று தொட்டியின் அடியில் கூடு கட்டி, உள்ளே பலவாகப் பெருகி, மறுபடியும் மீனைத் தேடி வரும். கல் உப்பாக இல்லாமல் மாவு தூவியது போல் மெல்லிய தூசு படிந்து, மீன் வேகமாக இரைத்தால் அது இன்னும் கொடியது. சில நாட்களிலேயே தொட்டியைக் காலிசெய்துவிடும்.

"தீனி போட்டுக் காட்டுங்க தம்பி" என்றேன். முகம் சுளிக்காமல் உறைய வைத்த குட்டி இறாலைக் கரைத்து ஊற்றினார். ஆடோ கோழியோ வாங்கும்போது தீனி எடுக்கிறதா என்று பார்க்காமல் வாங்குவோமா? மீனிலும் அதைவிடப் பெரிய சோதனை இல்லை. வாயில் வாங்கித் துப்பினால் கணக்கில் சேராது, விழுங்க வேண்டும்.

பிள்ளைகள் எழுதிக்கொடுத்த பட்டியல் கையில் இருந்தது. முதலில் "நீமோ". 2003இல் வந்த படத்துக்குப் பிறகு கோமாளி மீனுக்கு அதுதான் பெயர். இரண்டாவது அதே படத்து நீல மீன். அது ஓரடிவரை வளரக்கூடியது, மூன்றடித் தொட்டி அதற்குச் சிறைச்சாலை. மூன்றாவது கடற்குதிரை. அசைந்து அசைந்து மெதுவாகத் தின்னும் பிராணி, மற்ற மீன்களோடு போட்டி போட முடியாது. 2004 முதல் அதன் பன்னாட்டு வணிகத்துக்குக் கட்டுப்பாடும் உண்டு. தம்பியே ஒரு தொட்டியைக் காட்டினார். பச்சையும் ஆரஞ்சுமாகப் பட்டுச் சேலைக் கரை போன்ற மாண்டரின் மீன். கண்ணை எடுக்க முடியவில்லை. "இதை வாங்காதீங்க டீச்சர். கல்லில் ஊரும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியைத்தான் தின்னும். புதுத் தொட்டியில் மெல்ல மெல்லப் பட்டினி கிடந்து செத்துப்போகும்." விற்கிறவர் வாயிலிருந்து இதைக் கேட்பது அபூர்வம். அப்படியானால் ஏன் வரவழைக்கிறீர்கள் என்று கேட்க நினைத்தேன். தவுக்கே அருகில் இருந்தார், கேட்கவில்லை.

கோமாளி மீன் இரண்டு வகையாகக் கிடைக்கிறது. கடலில் பிடித்தது ஒன்று, தொட்டியிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து வளர்த்தது மற்றொன்று. குளத்து மீன்களைப் போலல்லாமல், கடைகளில் விற்கும் கடல் மீன்களில் பெரும்பாலானவை இன்றும் கடலில் பிடித்தவையே. 1960களில் பிலிப்பைன்சில் தொடங்கிய ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பவளப் பாறை இடுக்கில் சயனைடு கரைசலைப் பீச்சி, மயங்கிய மீனை அள்ளுவார்கள். பவளமும் சாகும். அப்படிப் பிடிபட்ட மீன் கடையில் பளபளப்பாகவே இருந்து, சில வாரம் கழித்துக் காரணம் தெரியாமல் செத்துப்போவதுண்டு. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. ஆகவே வளர்ப்பு மீன் கிடைக்கும்போது கடல் மீனைத் தொடாதிருப்பதே நமக்கும் கடலுக்கும் நல்லது. வளர்ப்பு மீன் பொடித்தீனியும் கூசாமல் தின்னும்.

இரண்டு சின்ன மீன்களாகப் பார்த்து எடுத்தேன். கோமாளி மீன்கள் எல்லாம் முதலில் ஆண்தான். சேர்ந்து வாழ்பவற்றில் பெரியது பிறகு பெண்ணாக மாறும். சின்னதாக இரண்டை வாங்கினால் அவை தங்களுக்குள் தீர்மானித்துக்கொள்ளும். கடற்சாமந்தி இல்லாமலும் அவை நன்றாக வாழும். அதற்கு வேண்டிய பலத்த விளக்குக்கு எங்களிடம் காசில்லை, விட்டுவிட்டேன். விலை இரண்டும் 50 வெள்ளி. கூடவே பாசி தின்ன மூன்று நத்தைகள், 12 வெள்ளி.

நத்தையை எடுக்குமுன் இன்னொன்று கேட்டேன், "மீன் தொட்டியில் செம்பு மருந்து போட்டிருக்கிறீர்களா?" என்று. ஒட்டுண்ணிக்குச் செம்பு நல்ல மருந்து, ஆனால் நத்தைக்கும் இறாலுக்கும் எமன். நத்தைகளுக்குத் தனித் தொட்டி, தனித் தண்ணீர் என்று தம்பி காட்டினார்.

உப்பின் அளவையும் கேட்டுக்கொண்டேன். பால்மரம் வெட்டிய நாட்களில் ஸ்டோரில் கிராணி பாலில் மெட்ரோலாக் போட்டுப் பார்ப்பாரே, அதற்கு ஒன்றுவிட்ட தம்பிபோல் உப்புநீருக்கும் ஒரு மிதவை உண்டு. கடல் நீர் அதில் ஏறக்குறைய 1.025 காட்டும். உப்புச் செலவு மிச்சம், ஒட்டுண்ணியும் கொஞ்சம் அடங்கும் என்பதால் கடைகளில் குறைத்து வைப்பதுண்டு. இங்கே மீன் தொட்டி 1.020, நத்தைத் தொட்டி மட்டும் 1.025. உடனே வீட்டுக்காரருக்குத் தொலைபேசியில் சொல்லி, எங்கள் வீட்டு அஞ்சடியில் வைத்திருந்த தனிமைத் தொட்டியில் நல்ல தண்ணீர் சேர்த்து 1.020க்கு இறக்கச் சொன்னேன். பிறகு பல நாட்களில் சிறிது சிறிதாக ஏற்றிக்கொள்ளலாம்.

மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன் என்று பைகளைக் கட்டி, பழைய தாளில் சுற்றி, நுரைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார் தம்பி. இருட்டில் மீன் அமைதியாக இருக்கும், வெயிலும் தாக்காது. திரும்பும்போது ஃபெரி இல்லை. தொட்டி கொடுத்த அந்த முன்னாள் மாணவரே காடியில் பாலம் வழியாகக் கொண்டுவந்து விட்டார்.

வீட்டில் பையைக் கால் மணி நேரம் தண்ணீரில் மிதக்கவிட்டு, சூடு சமமான பின், மீனை மட்டும் எடுத்துத் தொட்டியில் விட்டோம். கடைத் தண்ணீரை ஒரு சொட்டுகூடச் சேர்க்காமல் கொட்டிவிட்டோம். நத்தைகளுக்கு வேறொரு வாளி.

இதை எழுதும்போது இருபத்து மூன்றாம் நாள். மீன்கள் இன்னும் அஞ்சடியில்தான். பள்ளித் தொட்டியில் இன்னும் மீன் இல்லை, பிள்ளைகளுக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம். அதனால் நாளுக்கு இரண்டு பேராக மாலையில் வீட்டுக்கு வந்து, தீனி போட்டு, உடம்பில் புள்ளி உண்டா என்று பார்த்து நோட்டில் எழுதிவிட்டுப் போகிறார்கள். நேற்று எழுதியது ஐந்தாம் ஆண்டு மாணவி: "இரண்டும் சாப்பிட்டன. பெரியது சின்னதை ஒரு தடவை விரட்டியது. புள்ளி இல்லை." கையிருப்பு 150 வெள்ளி. அதில் ஒரு சுத்தக்கார இறால் வாங்கலாம் என்று எண்ணம். புதிதாக வருவது கடையில் இரண்டு வாரம் தாக்குப்பிடித்த பிறகு கூப்பிடுவதாகத் தம்பி சொல்லியிருக்கிறார்.