கராஜில் ஒரு வைத்தியர்

கதவைத் திறந்ததும் புளித்த தோசைமாவு வாசனை. பர்ட்டன் அபான் டிரென்ட்டில் என் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளியிருக்கும் பெரியவரின் கராஜ் அது. கார் வெளியே மழையில் நனைகிறது. உள்ளே பீர் சௌகரியமாக இருக்கிறது. ஜிப்சம் கலந்த கிணற்று நீருக்குப் பேர்போன ஊர் இது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து பீப்பாய் பீப்பாயாக இந்தியாவுக்கு பீர் கப்பலேறியது. பெரியவரும் பீர் ஆலையில் உழைத்து ஓய்வு பெற்றவர்தான். வீட்டில் காய்ச்சுவதற்கு 1963 வரை இங்கிலாந்தில் உரிமம் வேண்டியிருந்தது. இப்போது சொந்தக் குடிக்கு யாரும் கேட்பதில்லை.

தெரிந்தவர்கள் கொண்டுவந்து கொடுத்த பழுதான பாட்டில்கள் பெஞ்சில் வரிசையாக நின்றன. முதல் மூடியைத் திறந்தார். ஒரு 'புஸ்' கூட இல்லை. அதே அண்டாவில் காய்ச்சிய அடுத்த பாட்டில் பாதியை அவர் சட்டையில் கொட்டியது. "சர்க்கரையைக் கலக்கத் தெரியவில்லை" என்றார், துடைத்துக்கொண்டே.

பாட்டிலில் அடைக்கும்போது போடும் கொஞ்சம் சர்க்கரையை, மிச்சமிருக்கும் ஈஸ்ட் தின்று காஸாக்குகிறது. வெளியே போக வழியில்லாததால் காஸ் பீரிலேயே கரைகிறது. 23 லிட்டருக்குச் சுமார் 130 கிராம் போதும் என்பது அவர் கணக்கு. அதைக் கொதிநீரில் கரைத்து, காலி வாளியின் அடியில் ஊற்றி, அதன்மேல் குழாய்வழி பீரை இறக்குகிறார். சுழன்று ஏறும்போது தானாகக் கலந்துவிடும். மேலாகத் தூவினால் ஒரு பாட்டிலுக்குச் சர்க்கரை, இன்னொன்றுக்கு வெறும் பீர்.

எல்லா பாட்டிலும் சப்பென்றிருந்தால் முதலில் கேட்பது, எங்கே வைத்தீர்கள் என்பதைத்தான். இங்கத்திய குளிர்கால கராஜில் ஈஸ்ட் தூங்கிவிடும். வீட்டுக்குள் 20 டிகிரியில் வைத்து, வண்டல் எழும்பும்படி மெல்லப் புரட்டிவிட்டு, இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டும். அதற்கும் எழாவிட்டால் மூடி சரியாக இறுகவில்லை.

காஸ் கூடிப்போனால்தான் அவர் முகம் மாறுகிறது. சென்ற கோடையில் ஒரு நள்ளிரவில் அவருடைய பாட்டில்களே இரண்டு வெடித்தன. மரக்கதவில் கண்ணாடிச் சில்லு பதிந்த இடத்தைக் காட்டினார். பொறுமையில்லாமல், நொதித்து முடியுமுன்னே அடைத்ததன் விளைவு. இப்போது பீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் தொடர்ந்து ஒரே எண்ணைக் காட்டினால்தான் மூடி போடுகிறார். சந்தேகப் பாட்டிலைத் தொடுமுன் கண்ணாடியும் தடித்த கையுறையும் மாட்டிக்கொள்கிறார். நன்றாகக் குளிரவைத்து, துண்டால் போர்த்திப் பிடித்து, மூடியைக் கொஞ்சம் நெம்பிக் காஸை விடுகிறார். கழுத்தில் வெள்ளை வளையம் கட்டியிருந்தால் அது பெரும்பாலும் வேண்டாத கிருமியின் வேலை. அதற்கு வைத்தியம் கிடையாது; வாய்க்கால்தான்.

பனிமூட்டம்போல் கலங்கிய ஒன்றைக் கண்டு, கெட்டுவிட்டது என்று நான் முந்திக்கொண்டேன். அவர் பதில் பேசாமல் அதை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தினார். கால் மணியில் தெளிந்துவிட்டது. பார்லியின் புரதமும், பார்லித் தோலிலும் கசப்புக்குச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவிலும் உள்ள துவர்ப்புப் பொருளும் குளிரில் கைகோத்துக்கொள்வதால் வரும் கலங்கல் அது, சூட்டில் கலைந்துவிடும். குடித்தால் ஒன்றும் ஆகாது. சூட்டிலும் தெளியாத இன்னொன்றில் ஒரு சொட்டு அயோடின் விட்டார். கருநீலமானது. மாவுச்சத்து சர்க்கரையாக மாறாமலே அடுப்பேறிவிட்டதாம். ருசிக்கு அதுவும் மோசமில்லை என்று இரண்டு மடக்கு குடித்துக் காட்டினார்.

கண்ணுக்கு அழகாக, தேன் நிறத்தில் பளிச்சென்று நின்றது கடைசிப் பாட்டில். பச்சைக் கண்ணாடி, ஜன்னலோரம் வைத்திருந்தார்களாம். வெயில் பட்டு ஹாப்ஸ் கெட்டு, மூடியைத் திறந்ததும் குமட்டியது. அன்று அவர் முழுவதுமாகக் கொட்டியது அந்த ஒன்றைத்தான்.