பால் பவுடர் பாக்கெட்

மயிலாப்பூரில் ஒரு மளிகைக் கடை. பால் பவுடர் பாக்கெட்டை மறைத்து எடுத்த அக்காவைப் பிடித்துவிட்டதாக எங்களுக்கு போன் வந்தது. போவதற்குள் செல்போனில் படம் எடுத்திருந்தார்கள். அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஏரியா?"

அட்டப்பாடி மதுதான் எங்கள் நினைவுக்கு வந்தார். 2018 பிப்ரவரி 22 அன்று, அரிசி திருடினார் என்று அந்தப் பழங்குடி இளைஞரைக் கட்டி, செல்ஃபி எடுத்து, அடித்தே கொன்றார்கள். 14 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு வர 2023 ஏப்ரல் ஆனது.

திருட்டை நாங்கள் நியாயப்படுத்தவில்லை. திருடிய பொருளைப் பாதி விலைக்கு விற்கிறவர்களும் உண்டு. ஆனால் பாரதிய நியாய சன்ஹிதா 303(2) என்ன சொல்கிறது? 5,000 ரூபாய்க்குக் குறைவான திருட்டு, முதல் குற்றம், பொருளையோ பணத்தையோ திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான் தண்டனை.

பணத்தைக் கட்டி அக்காவை அழைத்து வந்தோம். படம் அவர்களிடமே இருக்கிறது. தோழர்களே, இப்படி போன் வந்தால் முதலில் கேமராவை நிறுத்தச் சொல்லுங்கள்.