காபித் தூளும் மண்புழுவும்: திண்டுக்கல்லில் ஒரு சுற்று

திண்டுக்கல்லுக்கு வருகிறவர்களுக்கு ஒரு வழக்கமான பட்டியல் இருக்கும். திண்டு போலக் கிடக்கும் அந்த ஒற்றைப் பாறை மேல் ஏறி மலைக்கோட்டையைப் பார்ப்பது, சீரக சம்பா பிரியாணி சாப்பிடுவது, 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டில் ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வது, நேரமிருந்தால் சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை எடுப்பது. அத்தோடு பஸ் ஏறிவிடுவார்கள்.

இந்த முறை நாம் வேறு ஒன்றைப் பின்தொடர்ந்து போகலாம். காலையில் டபராவில் ஆற்றிக் குடிக்கிறோமே, அந்தக் காபி. அது மலையில் காய்த்து, அடிவாரத்தில் பக்குவமாகி, நகரத்து அடுக்களைக்கு வந்து, கடைசியில் ஃபில்டரின் அடியில் ஈரமான கறுப்புச் சக்கையாக மிஞ்சுகிறது. அந்தச் சக்கை எங்கே போகிறது என்பதுதான் நம் பயணத்தின் கேள்வி.

மலையில் ஆரம்பம்

சமவெளியில் செம்பட்டி, சித்தையன்கோட்டை, அய்யம்பாளையம் என்று தென்னந்தோப்புகளைத் தாண்டினால் கீழ்ப்பழனி மலையின் வளைவுகள் தொடங்குகின்றன. பெரும்பாறை வழியாக மேலே போனால் தாண்டிக்குடி. முருகன் இங்கிருந்துதான் பழனிக்குத் தாண்டிக் குதித்தார், ‘தாண்டிக்குதி’தான் தாண்டிக்குடி ஆயிற்று என்று ஊர்க்காரர்கள் கதை சொல்வார்கள். பக்கத்தில் பண்ணைக்காடு. இரண்டு பக்கமும் காபித் தோட்டங்கள். அசல் காடு போலத்தான் தெரியும். உயரத்தில் நிழல் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடி, நடுவில் மலைவாழை, ஆரஞ்சு, அடியில் காபிச் செடி. காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் தாண்டிக்குடியில் இருக்கிறது.

மழைக்காலம் முடியும் சமயம் போனால் செடியில் பழம் சிவந்திருக்கும். கடித்துப் பாருங்கள், லேசாக இனிக்கும். நாம் குடிப்பது இந்தப் பழத்தை அல்ல, உள்ளே ஒட்டியிருக்கும் இரண்டு கொட்டைகளை. பழத்தை அரவை இயந்திரத்தில் கொடுத்தால் தோலும் சதையும் ஒரு பக்கம் பிரிந்து விழும். பழத்தின் எடையில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் இந்தத் தோல்சதைதான். ஒரு கிலோ சுத்தமான காபிக்கொட்டை கிடைக்க ஐந்தாறு கிலோ பழம் வேண்டும்.

அந்தத் தோல்சதையைக் குவித்துப் போட்டால் புளித்து நாறும். ஓடையில் கலந்தால் தண்ணீர் கெடும். இதை மண்புழுவிடம் கொடுத்தால் என்ன என்று காபி வாரிய விஞ்ஞானிகள் சோதித்து, 2011-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆப்பிரிக்க மண்புழு எனப்படும் யூட்ரிலஸ் யூஜினியே ஒரு பக்கம், நம் பகுதியில் இயல்பாக வாழும் பெரியோனிக்ஸ் சிலானென்சிஸ் இன்னொரு பக்கம். வெளிநாட்டுப் புழு 112 நாளில் வேலையை முடித்தது. உள்ளூர்ப் புழுவுக்கு 165 நாள் ஆனது. ஆனால் கடைசியில் உரம் அதிகமாகக் கொடுத்தது உள்ளூர்ப் புழுதான்! நிதானமாகச் சாப்பிட்டாலும் நிறைவாகச் செய்கிற ஆள்.

அடிவாரத்து வாசனை

மலையை விட்டு இறங்கினால் பட்டிவீரன்பட்டி. சின்ன ஊர்தான். ஆனால் காபி வியாபாரத்தில் பெரிய பெயர். மலையில் கழுவிக் காய வைத்த கொட்டை இங்குள்ள பக்குவ ஆலைகளுக்கு வந்து, மேல் உமி நீங்கி, ரகம் பிரிந்து, மூட்டையாகிறது. இங்கிருந்து வெளியூர் போவது போக மிச்சம் வறுபட்டு, சிக்கரி கலந்து, நம் வீட்டு டப்பாவுக்கு வருகிறது.

இப்போது ஃபில்டரைப் பாருங்கள். மேல் கிண்ணத்தில் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றினால், தூளில் கால் பங்கை ஒட்டித்தான் நீரில் கரைந்து டிகாக்‌ஷனாக இறங்கும். மிச்சமெல்லாம் மேலேயே தங்கிவிடும். ஒரு குடும்பத்தில் நாளைக்கு 40 கிராம் தூள் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரத்தோடு சேர்த்து மாதம் இரண்டு கிலோவுக்குக் குறையாமல் சக்கை சேரும். காய்கறித் தோலும் வாழைப்பழத் தோலும் தனி.

அது பெரும்பாலும் பாலித்தீன் பையில் முடிச்சு போடப்பட்டு, குப்பை வண்டியில் ஏறுகிறது. திடக்கழிவு விதிகள் மக்கும் குப்பையையும் மக்காததையும் வீட்டிலேயே பிரித்துக் கொடுக்கச் சொல்கின்றன. ஒரு பையில் எல்லாம் சேர்ந்துவிட்டால் பிறகு பிரிப்பது தூய்மைப் பணியாளரின் கைகள்தான். காபிச் சக்கைக்கு நடுவில் உடைந்த கண்ணாடியும் இருக்கலாம், பிளேடும் இருக்கலாம். நாம் முடிச்சு போடும்போது அது நமக்கு ஞாபகம் வருவதில்லை.

காந்திகிராமத்தில் ஒரு நிறுத்தம்

திண்டுக்கல் - மதுரை சாலையில் சின்னாளபட்டிக்கு அருகே இருக்கிறது காந்திகிராமம். டாக்டர் சௌந்தரம் அம்மாவும் ஜி.ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கியது. 1956-ல் கிராமிய உயர்கல்வி நிலையமாகி, 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. மரங்கள் அடர்ந்த வளாகம். வெயிலில் வந்தவர்களுக்கு உள்ளே நுழைந்ததுமே உடம்பு குளிரும்.

எரு என்பது காந்தியச் சிந்தனையில் ஓரமான விஷயம் அல்ல. ஆல்பர்ட் ஹோவார்ட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி இந்தூரில் உருவாக்கிய மக்கு உர முறையை, 1935-ல் காந்தி அங்கே நேரில் போய்ப் பார்த்தார். அந்தச் சிந்தனை வழி வந்த காந்திகிராமத்தில், உயிரியல் துறை ஆய்வாளர்கள் பக்கத்துச் சிறுமலை மண்ணில் வாழும் மண்புழுக்களைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். மேலே மலையில் பார்த்தோமே பெரியோனிக்ஸ் சிலானென்சிஸ், அதைக் கொண்டு பலவகைக் கழிவுகளை உரமாக்கிப் பார்த்தும் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள்.

உலக அளவில் இந்தப் பிராணிக்கு முதல் மரியாதை செய்தவர் சார்லஸ் டார்வின். இறப்பதற்கு முந்தைய ஆண்டு, 1881-ல், மண்புழுவைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். வீட்டில் தொட்டியில் புழு வளர்த்து, கேரட் இலை, முட்டைக்கோஸ் என்று மாற்றி மாற்றிப் போட்டு அதன் ருசியைக் கவனித்தார். அதன் எதிரில் பியானோ வாசிக்கச் செய்து காது கேட்கிறதா என்றுகூடப் பார்த்தார். கேட்கவில்லை! தமிழ்நாட்டில் இந்த வேலையை மக்களிடம் கொண்டு சேர்த்தவர் சென்னைப் புதுக்கல்லூரிப் பேராசிரியராக இருந்த சுல்தான் அகமது இஸ்மாயில். வெளிநாட்டுப் புழுவுக்கு அலைய வேண்டாம், உள்ளூர்ப் புழுவே போதும் என்று விடாமல் சொன்னவர்.

ஒரு மொட்டை மாடியில்

திண்டுக்கல் நகருக்குள் தெரிந்தவர் ஒருவரின் வீட்டு மாடியில் இந்த விருந்தை நேரில் பார்த்தேன். வண்ணம் போன பழைய பிளாஸ்டிக் டிரம், அடியில் துளைகள், மேலே நனைத்த சாக்கு, அதற்கு மேல் தென்னங்கீற்றுக் கூரை. டிரம் நிற்கும் செங்கற்களைச் சுற்றி எறும்பு வராமல் இருக்கத் தட்டில் தண்ணீர்.

“நாத்தம் வரும்னு பயந்துக்கிட்டு இருந்தேன் தம்பி. மோந்து பாருங்க” என்றார் அந்த அக்கா. மழை பெய்த மண் வாசனைதான் வந்தது.

“காபிச் சக்கையை அப்படியே கொட்டிடுவீங்களாக்கா?”

“கொட்டினா கட்டியாயிரும். உள்ள சூடு ஏறிக்கிரும். ஒரு கைப்பிடி சக்கைன்னா மூணு கைப்பிடி மத்தது. காஞ்ச இலை, தேங்கா நார், காய்த் தோலு. பரத்திப் போடணும்.”

அவர் சொன்ன கணக்கு சரியான கணக்கு. காபிச் சக்கையில் தழைச்சத்து அதிகம். புழுவுக்குப் பிடித்த நுண்ணுயிர்கள் அதில் சீக்கிரம் வளரும். மொத்தத் தீனியில் கால் பங்குக்கு மேல் போகாமல், மெல்லிய அடுக்காக, காய்ந்த பொருளோடு கலந்து போட வேண்டும். தடிமனாகப் போட்டால் ஓடு மாதிரி இறுகி, காற்றும் தண்ணீரும் உள்ளே போகாது. இரண்டு நாளில் மேலே வெள்ளைப் பூஞ்சை படர்ந்தால் பதற வேண்டாம், புழுவே அதைத் தின்றுவிடும். சிக்கரி கலந்த தூளாக இருந்தாலும் கெடுதல் இல்லை. ஆனால் பாலும் சர்க்கரையும் கலந்த மிச்சக் காபியை ஊற்றக் கூடாது. எறும்புக்கு அழைப்பிதழ் அது!

வீட்டில் தொடங்க நினைப்பவர்களுக்கு மற்ற விவரங்கள் இவை:

அடியில் உடைந்த ஓடு அல்லது செங்கல் துண்டு, அதன் மேல் தேங்காய் நார், அதற்கும் மேல் பத்துப் பதினைந்து நாள் ஆறிய சாணம். பச்சைச் சாணம் சூடு கிளப்பிப் புழுவைக் கொன்றுவிடும்.

புழுவுக்குப் பல் கிடையாது. வயிற்றில் அரைப்பை இருக்கிறது. எனவே கொஞ்சம் மணல், பொடித்த முட்டை ஓடு சேர்த்தால் அரைக்க உதவும்.

எலுமிச்சைத் தோல், மிளகாய், ஊறுகாய், உப்பு, எண்ணெய் ஆகாது. திண்டுக்கல் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இலையை அப்படியே போட்டுவிட வேண்டாம். பிரியாணி எலும்புக்கும் நெய்க்கும் வருவது புழு அல்ல, எலி.

பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரும் அளவு ஈரம் போதும். வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் புழு தவிக்கும். கத்திரி வெயிலில் நிழலும் ஈரச் சாக்கும் இல்லாமல் இந்த ஊரில் புழு வளர்க்க முடியாது.

எல்லாம் ஒழுங்காக நடந்தால் 45 முதல் 60 நாளில் தேயிலைத் தூள் மாதிரி உதிரியாக உரம் தயார்.

தண்ணீர் பற்றி அந்த அக்கா சொன்னதுதான் என்னை யோசிக்க வைத்தது. “எங்க போர் தண்ணிய ஊத்தினா புழு மேல ஏறி ஓடப் பாக்கும் தம்பி. உப்பு. அதனால அரிசி களைஞ்ச தண்ணியத்தான் ஆற வச்சுத் தெளிக்கிறேன்.”

மண்ணின் கதை

உப்புத் தண்ணீருக்குப் பின்னால் இந்த ஊரின் பழைய வலி இருக்கிறது. தோல் பதனிடும் தொழில் பல ஆயிரம் பேருக்குச் சோறு போட்டது. அதே தொழிலின் கழிவுநீர் நகரைச் சுற்றியுள்ள கிணறுகளில் இறங்கி, விவசாய நிலங்களை உப்பாக்கியது. மனிதர் வேறு தண்ணீர் விலைக்கு வாங்கிக் குடிக்கலாம். மண்ணில் இருக்கும் புழு எங்கே போகும்?

மலைக்கோட்டை மேலே நின்று சுற்றிலும் பார்த்தால் சமவெளி விரிந்து கிடக்கும். பெரும்பகுதி செம்மண். வருடத்துக்கு 800 மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும் மழை, அதுவும் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிக் கொட்டித் தீர்ப்பது. மண்ணில் மக்குச் சத்து இருந்தால்தான் அந்த மழையைப் பிடித்து வைக்கும். இல்லாவிட்டால் செந்நீராக ஓடிவிடும். ஒட்டன்சத்திரம் சந்தைக்கும் திண்டுக்கல் வெங்காயப் பேட்டைக்கும் நிலக்கோட்டைப் பூச்சந்தைக்கும் வருகிறவற்றில் பலவும் இந்த மண்ணிலிருந்து எடுத்ததுதான். எடுத்துக்கொண்டே இருக்கிறோம், திருப்பிக் கொடுப்பது கொஞ்சம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். டிரம்மில் வளர்கிற புழுவை அள்ளிக்கொண்டு போய் வயலில் விட்டால் விவசாயம் செழித்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். செழிக்காது. உரம் செய்கிற புழுக்கள் மேல்மட்டத்துச் சருகிலும் எருவிலும் வாழ்பவை. காய்ந்த வயலில் அவை சில நாள்கூடத் தாங்காது. மண்ணைத் துளைத்து, மழைநீருக்கு வழி செய்கிற உழவன் புழு வேறு. அது ஏற்கெனவே நம் மண்ணில் இருப்பது. அதை விலைக்கு வாங்க வேண்டாம். உரத்தைப் போட்டு, மேலே சருகால் மூடி, ஈரம் காத்து, பூச்சிக்கொல்லியைக் குறைத்தால் தானாகத் திரும்பி வரும். டிரம்மிலிருந்து வயலுக்குப் போக வேண்டியது எருதான்.

ஒரு வீட்டின் இரண்டு கிலோ காபிச் சக்கையால் திண்டுக்கல் மாவட்டத்து மண் மாறிவிடாதுதான். ஆனால் ஒரு தெருவில் பத்து வீடு, ஒரு காபிக் கடை, ஒரு காய்கறிக் கடை சேர்ந்தால் மாடித் தோட்டங்களுக்கு வெளியில் உரம் வாங்க வேண்டியிருக்காது. குப்பைப் பையும் பாதியாகும். அதைத் தூக்குகிறவரின் கையிலும் நாற்றம் குறையும்.

அடுத்த முறை திண்டுக்கல் பக்கம் வந்தால் பட்டிவீரன்பட்டியில் கால் கிலோ தூள் வாங்கிக்கொள்ளுங்கள். மணமாக ஒரு காபி போட்டுக் குடியுங்கள். பிறகு ஃபில்டரைக் கவிழ்த்துத் தட்டும்போது, குப்பைக் கூடைக்குப் பதிலாக ஒரு பழைய தொட்டியைப் பக்கத்தில் வையுங்கள். தாண்டிக்குடியின் நிழலில் மண்ணிலிருந்து வந்தது அது. உங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடி அதை வேண்டாம் என்று சொல்லாது.