கிணறு வற்றிய படம்

போன தடவை சென்னை போனப்ப, அங்க படிக்கிற தம்பி மகன் ஒரு திரைப்பட விழாவுக்குக் கூட்டிட்டுப் போனான். ‘டூரின் ஹார்ஸ்’னு ஹங்கேரி படம். பேலா தார் 2011-ல் எடுத்தது, கறுப்பு வெள்ளை. இரண்டரை மணி நேரத்துக்கு மொத்தமே 30 ஷாட்தானாம். பாதியில் ஏழெட்டுப் பேர் எழுந்து போயிட்டாங்க.

கை ஒண்ணு விளங்காத ஒரு கிழவர், அவர் மகள், ஒரு வண்டிக்குதிரை. வெளியே ஓயாத காத்து. தினமும் ஆளுக்கொரு அவிச்ச உருளைக்கிழங்கு, உப்பு. அவர் ஒத்தைக் கையால் தோலை உரிச்சு, சூடு ஆறுமுன்னே பிட்டுத் தின்பார். இத்தனை கிழங்கு எந்தக் காட்டுல விளைஞ்சதுன்னு நானும் பார்க்கிறேன், காட்டவே இல்லை. சம்சாரி கண்ணுக்கு அது ஒரு குறைதான்.

குதிரை வண்டி இழுக்க மாட்டேங்குது, அப்புறம் தீவனமும் தொடலை. ஒருநாள் காலைல மகள் வாளியோட போனா கிணத்துல தண்ணி இல்லை. கிழவரைக் கூப்பிடுறா. அவரும் வந்து எட்டிப் பார்க்கிறார். எனக்கு நெஞ்சை அடைச்சது அங்கதான். 2016-ல் ஐப்பசி மழை பொய்த்து, அடுத்த கோடையில் எங்க கிணறு வத்தினப்ப, நான் சொல்லியும் கேட்காம வீட்டுக்காரி வந்து குனிஞ்சு பார்த்தா. மறுநாளும் பார்த்தா.

தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏத்தி, குதிரையைப் பின்னால கட்டி, மகளே முன்னால நின்னு இழுத்துக்கிட்டு மேட்டைத் தாண்டிப் போறாங்க. கொஞ்ச நேரத்துல அதே வழியா திரும்பி வந்துடுறாங்க. அந்தப் பக்கம் என்ன இருந்ததுன்னு படம் சொல்லலை.

“ஏன் பெரியப்பா திரும்பி வந்தாங்க?”ன்னு பையன் வெளியே வந்ததும் கேட்டான். நாங்களும் அந்தக் கோடையில் மாட்டை வித்துட்டு, வீட்டைப் பூட்டி, திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவங்கதான். நாலே மாசத்துல வந்துட்டோம். ஊர்ல கேட்டவங்களுக்கு ஏதோ சொல்லிச் சமாளிச்சேன். நானும் அவளும் இதுவரை அதைப் பத்திப் பேசிக்கிட்டதில்லை.

டீ குடிக்கலாம் வாடான்னு அவனைக் கூட்டிட்டுப் போனேன்.